பெட்டிக்குள் ஒரு கர்ணம்

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, எங்கள் தேனாம்பேட்டை வீட்டில் இன்டர்நெட் நின்று போயிற்று. மழைக்காலத்தில் இப்படி நேர்வது சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. காகிதமும் பேனாவும் இருக்கும்போது எழுத்தாளனுக்கு என்ன குறை என்று நான் வீறாப்பாக உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதினேன். பேரன் மட்டும் ஏதோ பெரிய துக்கம் நேர்ந்துவிட்டதைப் போலக் கூடத்துக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தான். புகார் கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, ஒன்பது மணிக்கெல்லாம் தோளில் கம்பிச் சுருளும் கையில் நனைந்த குடையுமாக லைன்மேன் வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, நாங்கள் புகாரே கொடுக்கவில்லையே?" என்றேன்.

"நீங்க கொடுக்கல சார். உங்க வீட்டுப் பெட்டி கொடுத்துச்சு" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"பெட்டியா?"

"ஆமா சார். ராத்திரி பூரா லைட் கம்மியா வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. காலையில பேச்சே நின்னு போச்சு."

இந்த உலகத்தில் எத்தனையோ பேர் என்னைப் பற்றி மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என் வீட்டுக் கூடத்தில், என் மின்சாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, பச்சை விளக்கைச் சிமிட்டியபடி சாதுவாக உட்கார்ந்திருக்கும் பெட்டி இரவெல்லாம் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது என்று கேட்டபோது, கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்தது. அந்தத் திடுக்கிடலின் விளைவுதான் இந்தக் கட்டுரை. சில மாதங்களாக நான் படித்ததிலிருந்தும், விஷயம் தெரிந்த நண்பர்களை நச்சரித்துத் தெரிந்துகொண்டதிலிருந்தும் இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள்ளே ஒரு சிறிய சாப்ட்வேர் குடியிருக்கிறது. அதற்குத் தொழில் வட்டாரத்தில் 'ஏஜென்ட்' என்று பெயர். முகவர் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இன்ஷூரன்ஸ்காரர் ஞாபகம் வந்துவிடுகிறது. மிராசுதார் பட்டணத்தில் இருக்க, கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்வாரே, அந்தக் 'காரியஸ்தர்' என்னும் பழைய சொல்தான் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இப்போது உலகம் பூராவும் இப்படிப்பட்ட காரியஸ்தர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் பெட்டிகள், தெருக்கோடி இரும்பு அலமாரி, பாங்கி, ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அவர்கள் இல்லாத இடமில்லை.

இவர்கள் எப்படித் தோன்றினார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

சென்னைப் பட்டணத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ஆம் ஆண்டில். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சில் மனிதர்கள் உட்கார்ந்து, கூப்பிடுகிறவரின் கம்பியையும் கேட்கிறவரின் கம்பியையும் கையால் இணைத்தார்கள். எந்தக் கம்பி இரைகிறது, எது செத்துவிட்டது என்பதெல்லாம் பலகைக்கு முன்னால் இருந்தவருக்குக் காது வழியாகவே தெரியும். நெட்வொர்க்கை நடத்துவதும் அதன் உடம்பைக் கவனிப்பதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தது. பிறகு, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் பிண அடக்கத் தொழில் செய்துவந்த ஸ்ட்ரோஜர் என்பவர், ஆபரேட்டர் வேண்டாத தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891-இல் பேடன்ட் பெற்றார். தம்மிடம் வரவேண்டிய அழைப்புகளை டெலிபோன்காரப் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்ற சந்தேகத்தில் பிறந்த யந்திரம் அது என்று ஒரு கதை சொல்லுவார்கள். கதை எப்படியானாலும், ஆளை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகுதான், ஆளோடு சேர்ந்து ஒரு காதும் போய்விட்டது என்பது தெரிந்தது. அந்தக் காதை மறுபடியும் எப்படி வைப்பது என்பதே இந்தச் சரித்திரம் முழுவதிலும் உள்ள கேள்வி.

இன்றைய இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட், அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் பணத்தில் 1969-இல் பிறந்தது. அதில் சந்திக்குச் சந்தி ஒரு யந்திரம் உட்கார்ந்து செய்திகளை வழிமாற்றி அனுப்பும். எந்தப் பாதை நெரிசலாயிருக்கிறது, எது காலியாயிருக்கிறது என்று ஒவ்வொரு யந்திரமும் அவ்வப்போது ஒரு நிலவரச் செய்தியை எல்லா யந்திரங்களுக்கும் தெரிவிக்கும். நிலவரச் செய்திக்கு முதல் மரியாதை. மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 1980-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, இந்த நியாயமான ஏற்பாடே நெட்வொர்க் முழுவதையும் பல மணி நேரம் முடக்கிப் போட்டது.

நடந்ததைச் சொல்ல நம்முடைய வருஷப் பெயர்கள் கை கொடுக்கின்றன. பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அட்சயவுக்குப் பிறகு மறுபடியும் பிரபவ. தாத்தா பிறந்ததும் பிரபவ, பேரன் பிறந்ததும் பிரபவ என்று இருந்தால், வெறும் பெயரை வைத்துக்கொண்டு யார் மூத்தவர் என்று சொல்ல முடியுமா? அர்ப்பாநெட்டின் நிலவரச் செய்திகளுக்கும் இப்படிச் சுழன்று வரும் எண்களையே கொடுத்திருந்தார்கள். 0 முதல் 63 வரை. பிறகு திரும்பவும் 0. இரண்டு செய்திகளில் எது புதியது என்பதைச் சக்கரத்தில் எது முன்னால் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அன்றைய தினம் ஒரு யந்திரத்தின் ஞாபக சக்தியில் ஏதோ கோளாறு நேர்ந்து, சில புள்ளிகள் உதிர்ந்து போயின. விளைவாக, 50-ஆம் நம்பர் யந்திரத்தின் பெயரில் 8, 40, 44 என்று மூன்று எண்களோடு மூன்று செய்திகள் கிளம்பிவிட்டன. கணக்கைப் பாருங்கள். 8-ஐவிட 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. 44-லிருந்து மேலே போனால் 63-ஐத் தாண்டி 28-ஆவது அடியிலேயே 8 வந்துவிடுகிறது. ஆகவே 44-ஐவிட 8 புதியது! மூன்று சகோதரர்களில் ஒவ்வொருவனும் மற்றவனுக்குத் தம்பி என்று சாதித்த கதையாயிற்று. ஒவ்வொரு யந்திரமும் 'புதிய செய்தி, புதிய செய்தி' என்று வாங்கி அண்டை வீட்டாருக்கு ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. வேறு வேலைக்கு நேரமே இல்லை.

ஒரு யந்திரத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினால் தீருமா? தீரவில்லை. அது எழுந்து உட்கார்ந்ததுமே பக்கத்து வீட்டார் அந்த மூன்று வதந்திகளையும் அதன் காதில் ஓதிவிட்டார்கள். கடைசியில், '50-ஆம் நம்பர் பெயரில் எது வந்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதே' என்று ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒட்டுப் போட்டுத்தான் மீள முடிந்தது. ஒற்றர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்கள் சொல்வது ஒத்துப்போனால் நம்பு என்பது அவர் காட்டும் வழி. அன்றைக்கு மூன்று பேர் சொன்னது ஒத்துப்போகவுமில்லை. மூவரும் ஒரே வாயிலிருந்து வந்தவர்கள் என்பதை விசாரிக்க ஆளும் இல்லை.

இதே 1980-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டிலும் ஒரு சம்பவம் நடந்தது. அர்ப்பாநெட் முடங்கிய சில வாரங்களில், நவம்பர் மாதம், எம்.ஜி.ஆர். சர்க்கார் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. கிராம முன்சீப், கர்ணம் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பின்னால் அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் காரியஸ்தர்களின் கதையை நினைத்தால் எனக்குக் கர்ணம்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

எங்கள் தேனாம்பேட்டையிலிருந்து மவுண்ட் ரோடோடு (அண்ணா சாலை என்று சொல்ல வேண்டும், பழைய நாக்கு திருந்த மறுக்கிறது) வடக்கே போனால், தீவுத்திடலுக்கு அருகில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார் ஸர் தாமஸ் மன்றோ. 1839-இல் வைத்த சிலை. சேணமும் அங்கவடியும் இல்லாமல் அவர் எப்படித்தான் விழாமல் இருக்கிறாரோ என்று சின்ன வயதில் கவலைப்பட்டிருக்கிறேன். 1820 முதல் 1827 வரை சென்னைக் கவர்னராக இருந்தவர். ஒரு ஜில்லா முழுவதையும் ஒரு கலெக்டர் எப்படி அறிவது என்ற கேள்வியை அவரைப் போல் யோசித்தவர் குறைவு. கிராமத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆளிடமே பொறுப்பைக் கொடு என்பது அவர் கட்சி. அவருடைய முயற்சியால் 1816-இல் வந்த சட்டங்களில் ஒன்று, கிராமத் தலைவரையே முன்சீபாக்கிச் சின்ன வழக்குகளை விசாரிக்கச் சொன்னது. கணக்கு எழுதக் கர்ணம் இருந்தார். அவருடைய கணக்குகளுக்கெல்லாம் நம்பர் உண்டு. இரண்டாம் நம்பர் என்றால் அடங்கல். பத்து-ஒன்று என்றால் சிட்டா. கலெக்டர் கச்சேரியில் இருந்துகொண்டு எந்தக் கிராமத்துக்கும் 'இரண்டாம் நம்பரைக் கொண்டு வா' என்றால் போதும். இந்தப் பயிர் என்ன, அந்தப் பாசனம் என்ன என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தி. நடுவில் ஏரி உடைந்தாலோ கலகம் மூண்டாலோ கர்ணம் கேட்காமலே ஆள் அனுப்புவார்.

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1986-ஆம் ஆண்டு அக்டோபரில் மற்றொரு விபரீதம். கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பெர்க்லி சர்வகலாசாலைக்கும் நடுவே நானூறு கஜ தூரம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போய் வெற்றிலை வாங்கி வருகிற தூரம். அந்தத் தூரத்தில் வினாடிக்கு 32,000 துணுக்குகளாக ஓடிக்கொண்டிருந்த செய்தி, திடீரென்று வெறும் 40 ஆகச் சுருங்கிவிட்டது. எழுத்துக் கணக்கில் சொன்னால் வினாடிக்கு ஐந்து எழுத்து! போன செய்திக்குப் பதில் வரவில்லை என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் திரும்பத் திரும்ப அனுப்பியதால் வந்த நெரிசல் அது. வான் ஜேக்கப்சன் என்பவர் பிற்பாடு அதற்கு மருந்து கண்டுபிடித்தார். ஆனால் வியாதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே சரியான கருவி இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. தூரத்து யந்திரம் ஒன்று உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் 'பிங்' என்ற சிறு புரோகிராம், மைக் மூஸ் என்பவர் 1983-இல் எழுதியது, இருந்தது. ஆனால் கதவைத் தட்டினால் 'இருக்கிறேன்' என்று குரல் வரும். உடம்பு எப்படி என்று சொல்லாது.

இதற்கு மூன்று கோஷ்டிகள் மூன்று யோசனைகளைக் கொண்டு வந்தன. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி பெரியவர்கள் கூடி விவாதித்தார்கள். (நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேதியை இதற்கென்று பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்!) ஒரு கோஷ்டி சர்வதேச ஸ்தாபனங்களின் ஆசீர்வாதம் பெற்ற விஸ்தாரமான திட்டத்தை வைத்திருந்தது. இன்னொன்று டென்னஸி சர்வகலாசாலையின் ஜெப்ரி கேஸும் அவருடைய கூட்டாளிகள் மூவரும் முந்தின ஆண்டு அவசரத் தேவைக்காகக் கட்டியது. மூன்றாவது ஹெம்ஸ் என்பது; நல்ல திட்டம் என்றே பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அதைச் செய்த கிரேக் பார்ட்ரிட்ஜும் அவர் தோழரும், மூன்று பேர் இழுத்தால் தேர் நகராது என்று கண்டு, தங்கள் திட்டத்தைத் தாங்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். புத்திசாலிகள் கூடுமிடத்தில் தன் குழந்தையைத் தானே ஒதுக்கி வைக்கிற புத்திசாலி அபூர்வம்.

கூட்டத்தின் தீர்ப்பு என்ன? சர்வதேசத் திட்டம்தான் நிரந்தரம். அது தயாராகும் வரையில் கேஸ் கோஷ்டியின் எளிய ஏற்பாடு தற்காலிகமாக இருந்துவிட்டுப் போகட்டும். நம் ஊரில் 'டெம்ப்ரவரி' குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகும் வரை அதே நாற்காலியில் இருந்ததை நாம் பார்த்ததில்லையா? அதுவே நடந்தது. நிரந்தரத் திட்டம் டெலிபோன் கம்பெனிகளின் சில மூலைகளோடு நின்றுவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான தற்காலிக ஏற்பாடு, எஸ்.என்.எம்.பி. என்ற பெயரில் உலகத்தை ஆண்டது. இன்னும் வேலையில் இருக்கிறது. அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கே 'எளிய' என்றுதான் பொருள்.

எளிமை என்றால் உண்மையான எளிமை. நிர்வாகி ஒருவர், காரியஸ்தர்கள் பலர். அவர்களுக்குள் ஐந்தே விதமான பேச்சு. 'இதைச் சொல்', 'அடுத்ததைச் சொல்', 'இதை மாற்று' என்பவை மேலிடத்திலிருந்து வருபவை. 'இதோ பதில்' என்பது கீழிருந்து போவது. ஐந்தாவது, கேட்காமலே போடுகிற கூக்குரல். என்ன என்ன கேட்கலாம் என்பதற்கு ஓர் அடங்கல். முதலில் அதில் 114 விஷயங்கள்தாம் இருந்தன, 1991-இல் 171 ஆயின. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு! யந்திரம் விழித்தெழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்று அறிய வேண்டுமானால் 1.3.6.1.2.1.1.3 என்று கேட்க வேண்டும். டோக்கியோவில் செய்த பெட்டியானாலும் டெக்ஸஸில் செய்ததானாலும் அந்த நம்பருக்கு அதே அர்த்தம். மன்றோவின் கர்ணத்துக்கு இது புரிந்திருக்கும். சக்கரம் சுழலும் தொல்லை இங்கேயும் உண்டு. அந்த நேரக் கணக்கு வினாடியில் நூறில் ஒரு பங்காக ஏறி, சுமார் 497 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யமாகிவிடும். ஒன்றரை வருஷம் ஒழுங்காக உழைத்த யந்திரம் திடீரென்று 'நான் இப்போதுதான் பிறந்தேன்' என்று சொல்லி, ராத்திரி டியூட்டிக்காரரைப் பதற வைக்கும்.

1990-ஆம் ஆண்டு இன்ட்ராப் என்ற கண்காட்சியில் ஜான் ராம்கி, சைமன் ஹாக்கெட் என்ற இருவர் ரொட்டி வாட்டும் யந்திரம் ஒன்றுக்குள் இந்தக் காரியஸ்தனை உட்கார வைத்து, தூரத்திலிருந்து ரொட்டியைப் பொன்னிறமாக வாட்டிக் காட்டினார்கள். ரொட்டியை மட்டும் கையால் வைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு குட்டிக் கிரேன் வந்துவிட்டது. தோசைக் கல்லுக்கு இப்படி ஒருவர் செய்தால் முதல் ஆளாக வாங்கிக்கொள்வேன்.

ஆனால் நெட்வொர்க் பெருக்கப் பெருக்க, இந்த எளிமைக்கும் சங்கடம் வந்தது. நூறு கிராமம் என்றால் தினம் கேட்கலாம். லட்சம் கிராமம் என்றால்? கேள்விக்கும் பதிலுக்குமே சாலை போதாது. நோயாளியை நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுப்பி 'தூக்கம் வருகிறதா?' என்று கேட்கிற நர்ஸ் போல ஆகிவிடும். கூக்குரல் போதுமே என்று கேட்கலாம். கூக்குரல் வழியில் தொலைந்து போகக்கூடியது. மேலும், செத்துப் போனவன் 'செத்துப் போனேன்' என்று சொல்ல மாட்டான். கொலம்பியா சர்வகலாசாலையில் யெக்கியம் யெமினியும் கோல்ட்ஸ்மிட்டும் 1991-இல் ஒரு மாற்று யோசனை சொன்னார்கள். கேள்வியை அனுப்பாதே, கேள்வி கேட்கத் தெரிந்த புரோகிராமையே அங்கே அனுப்பிவிடு. அது அங்கேயே தங்கி, பார்த்து, யோசித்து, முக்கியமானதை மட்டும் சொல்லட்டும். அதற்கு ஒப்படைத்து ஆளும் முறை என்று பெயர். கேட்டால் மன்றோ குதிரையிலிருந்து இறங்கிக் கைகுலுக்கியிருப்பார்.

அதற்கு மேலும் போனார்கள். ஒரு யந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாமே பிரயாணம் செய்யும் ஏஜென்ட்கள் வேண்டும் என்றார்கள். எறும்புகள் வாசனைத் தடம் விட்டுக் குறுக்கு வழி கண்டுபிடிப்பதைப் பார்த்து, நெட்வொர்க்கில் எறும்பு போன்ற குட்டி ஏஜென்ட்களை ஓட்டி நல்ல பாதை காணலாம் என்று 1996-லும் 1998-லும் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். டி காரோ, டொரிகோ என்ற இருவரின் ஆன்ட்நெட் அப்படிப்பட்டது. படிக்க மிக அழகாயிருக்கிறது. ஆனால் நடைமுறையில் யாத்திரை ஏஜென்ட்கள் அதிகம் எடுபடவில்லை. காரணம் எளிது. திண்ணையில் வழிப்போக்கரைத் தங்க வைத்த காலம் மலையேறிவிட்டது. எங்கிருந்தோ வந்த புரோகிராமைத் தன் யந்திரத்துக்குள் விட எந்தப் பாங்கிக்காரர் சம்மதிப்பார்?

இனி நம் ஊருக்கு வருவோம். 1986-இல் இந்திய சர்க்கார் ஐக்கிய நாடுகளின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க்கைத் தொடங்கியபோது, சேர்ந்த எட்டு ஸ்தாபனங்களில் கிண்டி ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அடுத்த ஆண்டு, 1996-இல், ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் அட்வென்ட்நெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வேம்பு தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கிண்டி ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கம்பெனியின் பெயரிலேயே 'நெட்' இருக்கிறதல்லவா? அவர்கள் செய்தது முழுக்க முழுக்க இந்தக் காரியஸ்தர் வியாபாரம்தான். அப்போது புதிதாக வந்திருந்த ஜாவா மொழியில் எஸ்.என்.எம்.பி. சாதனங்களை எழுதினார்கள். நெட்வொர்க் பெட்டிகள் செய்கிற அயல்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் பெட்டிக்குள் ஏஜென்டை உட்கார வைப்பதற்கான கருவிகளும், ஏஜென்ட்களை மேய்க்கும் நிர்வாகி புரோகிராமும் சென்னையில் தயாராகிப் போயின. சாமான் மேல் நம் ஊர்ப் பெயர் இருக்காது. கல்யாணச் சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் பரிசாரகரின் பெயரைக் கேட்பதில்லை அல்லவா?

2000-ஆம் ஆண்டு முடிந்த கையோடு அமெரிக்க டெலிபோன், நெட்வொர்க் வியாபாரம் சரிந்து விழுந்தது. பெட்டி செய்கிற கம்பெனிகளே மூடினால், பெட்டிக்குள் உட்காருகிறவனை யார் வாங்குவார்கள்? சென்னைக்காரர்கள் கடையை மூடவில்லை. நெட்வொர்க்கைச் செய்கிறவர்களுக்கு விற்றதை விட்டு, நெட்வொர்க்கை வைத்திருக்கிறவர்களுக்கே நேராக விற்க, 2002-இல் மேனேஜ்என்ஜின் என்ற பெயரில் புதிய கிளை தொடங்கினார்கள். பிறகுதான் ஜோஹோ என்ற பெயரில் கடிதம் எழுதும், கணக்குப் பார்க்கும் சாப்ட்வேர்கள் வந்தன. 2009-இல் கம்பெனியின் பெயரே ஜோஹோ ஆயிற்று. இன்று ஜோஹோவின் பெயர் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் அதன் அஸ்திவாரத்தில் இருப்பது ஊமைப் பெட்டிகளைப் பேச வைத்த வேலை என்பதை எடுத்துச் சொல்கிறவர்களை நான் அதிகம் காணவில்லை. பணக்காரர்களின் கதையை நாம் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறோம். எனக்கு முதல் அத்தியாயம்தான் சுவாரசியமாயிருக்கிறது.

கிண்டி ஐ.ஐ.டி.யிலேயே அசோக் ஜுன்ஜுன்வாலா முதலிய பேராசிரியர்கள் சேர்ந்த டெனெட் என்ற குழு, கம்பியில்லாமல் மலிவாக டெலிபோன் கொடுக்கும் கார்டெக்ட் முறையை உருவாக்கியது. அந்தக் குழுவின் அரவணைப்பில் பிறந்த கம்பெனிகளில் என்.எம்.எஸ்.வொர்க்ஸ் என்பதும் ஒன்று. சிக்நெட் என்ற நிர்வாகி சாப்ட்வேரைச் செய்வது.

இந்த நிர்வாகியின் திறமை எங்கே தெரியும் என்று ஒரு நண்பரைக் கேட்டேன். அவர் சொன்ன உதாரணம் எங்கள் பேட்டைக்கே பொருந்தியது. எங்கேயோ மண் தோண்டுகிற யந்திரம் தரைக்கடியில் ஒரு கேபிளை வெட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மெட்ரோவுக்காகத் தோண்டாத இடம் ஏது? வெட்டியது ஒரு கேபிள். ஆனால் அதற்கு இரு பக்கத்திலும் உள்ள யந்திரங்கள் ஒரே நேரத்தில் 'அண்டை வீட்டுக்காரனைக் காணோம்' என்று கூவும். அவற்றை நம்பியிருந்தவையும் கூவும். நிர்வாகியின் திரையில் ஆயிரக்கணக்கான சிவப்பு வரிகள் வந்து குவியும். சாவு வீட்டில் எல்லாரும் அழும்போது இறந்தது யார் என்று கண்டுபிடிப்பது போல, இத்தனை அழுகையில் மூல காரணம் எது என்று பிரித்தெடுத்து, 'இந்தச் சந்திக்கும் அந்தச் சந்திக்கும் நடுவே கேபிள் அறுந்தது' என்று ஒரே வரியாகச் சொல்ல வேண்டும். மழைக்கால ராத்திரியில் டியூட்டியில் இருக்கிறவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உபகாரம்!

காரியஸ்தர்களின் புகழை மட்டும் பாடினால் போதாது. கர்ணத்துக்கும் இரண்டு முகம் உண்டல்லவா? கணக்கு அவர் கையில் இருந்ததால் நிலமும் அவர் பேனாவில் இருந்தது. கிராமத்தில் அவருக்குப் பயப்படாதவர் இல்லை. இந்தப் பெட்டிக் கர்ணங்களிடம் ஆரம்பத்தில் கேள்வி கேட்க ஒரே ஒரு ரகசியச் சொல் போதும். பல பெட்டிகளில் அந்தச் சொல்லும் 'பப்ளிக்' என்றே வைக்கப்பட்டிருந்தது. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்ட மாதிரி. 2002 பிப்ரவரியில், பின்லாந்தில் ஊலு சர்வகலாசாலைக்காரர்கள், கோணலான கேள்விகளைக் கேட்டாலே எத்தனையோ கம்பெனிகளின் ஏஜென்ட்கள் மயங்கி விழுகின்றன என்று காட்டி, உலகத்தையே ஒட்டுப் போட ஓட வைத்தார்கள். பூட்டும் சாவியும் ஒழுங்காக உள்ள மூன்றாம் பதிப்பு அந்த ஆண்டு முடிவில்தான் முழு அந்தஸ்து பெற்றது.

அதைவிடப் பெரிய கதை 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. சோலார்விண்ட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஓரையன் என்பது நெட்வொர்க்குகளை மேய்க்கும் நிர்வாகி சாப்ட்வேர். அதன் புதிய பதிப்புக்குள்ளே திருடர்கள் முன்கூட்டியே புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் கம்பெனியின் முத்திரையோடு வந்த அதை நம்பி வாங்கினார்கள். அமெரிக்காவின் கஜானா இலாகாவும் வர்த்தக இலாகாவும்கூடத் தப்பவில்லை. ரஷ்ய வேவு ஸ்தாபனத்தின் வேலை என்று அமெரிக்க சர்க்கார் 2021-இல் குற்றம் சாட்டிற்று. கன்னம் வைத்தவன் பூட்டை உடைக்கவில்லை. கூர்க்காவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனான். நம் ஊர்ச் சரக்கும் இதற்கு விலக்கல்ல. 2021 செப்டம்பரில் மேனேஜ்என்ஜினின் கடவுச்சொல் சாப்ட்வேர் ஒன்றிலிருந்த ஓட்டையைத் திருடர்கள் பயன்படுத்துவதாக அமெரிக்க சர்க்கார் எச்சரிக்கை விட்டது.

இதையெல்லாம் படித்த பிறகு, கூடத்துப் பெட்டியை முன்போல் அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை. அது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது என்று எனக்கு ஒருவரும் எழுதிக் கொடுத்ததில்லை. ஜமாபந்தியிலாவது குடியானவன் போய் நின்று 'கணக்கு தப்பு' என்று கலெக்டர் முகத்துக்கு நேரே மனுக் கொடுக்கலாம்.

அன்றைக்கு லைன்மேன் பெட்டியைத் தொடவே இல்லை. நேராக மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து, கண்ணாடி இழைக் கம்பியைத் தூக்கிக் காட்டினார். மேல் தோல் சுற்றிலும் கடிபட்டிருந்தது.

"எலி சார். நேத்து ராத்திரி கடிக்க ஆரம்பிச்சிருக்கு. காலையில முடிச்சிடுச்சு."

"எலி என்று பெட்டி சொல்லவில்லையா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். அரை மணி நேரத்தில் இழையை இணைத்து, ஒரு குழாய்த் துண்டைப் போட்டுப் பாதுகாத்துவிட்டு இறங்கினார். காப்பி சாப்பிட்டுப் போகலாம் என்றேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பின் தெருவுல ஒரு வீடு சார். அந்தப் பெட்டி ரெண்டு நாளா ஒண்ணுமே சொல்லலையாம். வயசான அம்மா ஒருத்தங்க தனியா இருக்காங்க. முதல்ல அங்க போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

குடையை விரித்துக்கொண்டு, மழையில் வேகமாக நடந்தார்.